முதல் கோல்ஃப் டிரைவர்: பத்தாயிரத்துக்குள் எதை வாங்குவது?

கேள்வி – ஜூன் 8, 2025
(வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி)

அண்ணாச்சி, பெங்களூரில் வேலை பார்த்தபோது கோல்ஃப் பழக ஆரம்பித்தேன். நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் இரும்பு மட்டை, 7 நம்பர் அயர்ன், ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இப்போது ஊரிலிருந்தே வேலை. முதல் அடியைத் தூரமாக அடிக்க எடுக்கும் நீண்ட மட்டை, அதாவது டிரைவர், வாங்கலாம் என்று இருக்கிறேன், கையில் 10,000 ரூபாய்தான். அந்தக் காசுக்குப் பெயர் கேள்விப்படாத புதுசும் கிடைக்கிறது, பெரிய கம்பெனியின் பத்து வருஷப் பழசும் கிடைக்கிறது. "மற்றதில் மிச்சம் பிடி, டிரைவரில் பிடிக்காதே, புது மாடல்தான் தூரம் போகும்" என்று கூட ஆடியவர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

ஜூன் 8, இரவு

சரியில்லை. பழசையே வாங்குங்கள்.

டிரைவரின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கு விதியிலேயே வரம்பு உண்டு. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து வகுத்தது. மோதிய வேகத்தில் எத்தனை பங்கு திரும்புகிறது என்ற துள்ளல் அளவு 0.830-க்கு மேல் போகக் கூடாது. மட்டைத் தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது என்பது 2004-லிருந்து இருக்கிறது. நல்ல கம்பெனிகள் எல்லாம் இந்த இரண்டு வரம்பையும் எப்போதோ தொட்டுவிட்டன. நடுமுகத்தில் சரியாகப் பட்ட அடிக்கு 2014 மாடலும் இந்த வருஷ மாடலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் கொடுக்கும். 50,000 ரூபாயைத் தாண்டி விற்கும் புது மாடல்களில் கூடியிருப்பது, ஓரத்தில் பட்ட அடியையும் கொஞ்சம் காப்பாற்றிக் கொடுக்கும் குணம். அது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பழகும் காலத்தில் 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல கோச்சிடம் சில வகுப்புகள் போகலாம், பந்து வாங்கலாம், போய்வரப் பெட்ரோலும் போடலாம்.

ஜூன் 9

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்று கொஞ்சம் விரிவாக.

பழசு என்றதும் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துவிடாதீர்கள். முதலில் லாஃப்ட், அடுத்து ஷாஃப்ட், அப்புறம் நீளம். கம்பெனிப் பெயர் அதற்கும் பிறகு.

லாஃப்ட் என்பது முகத்தின் சாய்வு. 9, 10.5, 12 டிகிரி என்று வரும். ஆம்பளைப் பையன் 9 டிகிரிதான் அடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. டிவியில் ஆடுகிறவர்கள் மணிக்கு 115 மைல் வேகத்தில் சுழற்றுகிறார்கள், அவர்களுக்கு 9 சரி. 90 மைலுக்குக் கீழே சுழற்றுகிறவர் 9 டிகிரியால் அடித்தால் பந்து மேலே எழும்பவே எழும்பாது. தாழப் போய்ச் சீக்கிரம் தரையைத் தொட்டுவிடும். 12 டிகிரி பந்தைத் தூக்கி நிறுத்திப் பறக்க விடும். இன்னொரு லாபமும் உண்டு. சாய்வு கூடக் கூடப் பந்தின் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டில் வளைவது குறையும். புதிதாகப் பழகுகிறவர் பெரும்பாலோருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸ் தொல்லை இருக்கும். 9 டிகிரியில் தோப்புக்குள் போய்விடும் பந்து 12 டிகிரியில் ஃபேர்வே என்கிற புல் வெட்டிய நடுப்பாதையின் ஓரத்திலாவது நிற்கும்.

ஷாஃப்ட் என்பது மட்டையின் கம்பு. அது எவ்வளவு வளையும் என்பதை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். எல் ரொம்ப இளக்கம், எக்ஸ் ரொம்ப விறைப்பு. உங்கள் வேகத்தை அளக்க மெஷின் இல்லை அல்லவா? 7 நம்பர் அயர்னில் பந்து 130, 140 யார்டு பறந்து விழுந்தால் ஆர் எடுங்கள். 110-க்குக் கீழே என்றால் ஏ. அதில் சீனியர் என்று எழுதியிருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

நீளம்: கடையில் வருவது 45.5 அங்குலம், கொஞ்சம் முன்னே பின்னே. விதி 48 வரை அனுமதிக்கிறது. ஆனால் தொழிலாகவே ஆடுகிறவர்களில் பலர் 45-ஐ ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் வேகம் கூடும், குறி தப்பும். கம்பை அறுக்க வேண்டாம், அறுத்தால் எடைச் சமநிலையும் விறைப்பும் மாறிவிடும். கையை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் போதும்.

ஜூன் 9, பிற்பகல்

மாடல் பெயர் சொல்லாமல் விட்டால் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். பிங் கம்பெனியின் ஜி 20, ஜி 25, ஜி 30 வரிசை 2011-க்கும் 2014-க்கும் நடுவில் வந்தவை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதாவது விரிசல் இருக்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்த்த பிறகு. கிளீவ்லேண்ட் லாஞ்சர் எச்பி 2017-ல் வந்தது. 12 டிகிரியிலும் உண்டு, கம்பும் தலையும் சேரும் கழுத்தில் லாஃப்டை மாற்றும் திருகு வேலை எதுவும் கிடையாது, அதனாலேயே விலை இறங்கியிருக்கும். எடை குறைவாக வேண்டும் என்றால் கோப்ராவின் எஃப் மேக்ஸ். புதுசுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் டெக்கத்லானின் இனெசிஸ் போகலாம். எட்டு ஊர் தாண்டி வரும் பெயர் தெரியாத பெட்டியை விட அது எவ்வளவோ மேல்.

2004-க்கு முந்தியது வேண்டாம். தலை சிறுசு. காலவே கம்பெனி 1991-ல் பிக் பெர்த்தா கொண்டு வந்தபோது அது பெரிய தலை என்று உலகமே வாயைப் பிளந்தது. அதன் கொள்ளளவு 190 சிசிதான்.

ஜூன் 11

தென்காசியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழகுகிறவனுக்கு டிரைவரே எதுக்கு? 3 வுட் வாங்கச் சொல்லுங்க." 3 வுட் என்பது டிரைவருக்கு அடுத்த நீளமான மட்டை. நல்ல ஆட்டக்காரர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடு பாதிதான். 3 வுட்டுக்கு 15 டிகிரி, கம்பும் ஏறக்குறைய 43 அங்குலம். அந்த மட்டுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் அதன் தலை டிரைவரில் பாதி கூட இருக்காது, முகத்தின் உயரமும் குறைவு, தரையில் கிடக்கும் பந்தை அதனால் எடுப்பது ரொம்பக் கடினமான வேலை. பந்தைத் தூக்கிப் பிடிக்கும் சிறு குச்சியான டீயில் வைத்து அடிப்பதற்கு 12 டிகிரி, 460 சிசி டிரைவர் அதைவிடப் பெரிய மனசுக்காரன். வுட்தான் வேண்டும் என்றால் 18 டிகிரி 5 வுட் எடுக்கலாம்.

ஜூன் 12

ராத்திரி யோசித்துப் பார்த்ததில் தென்காசிக்காரர் பக்கம் இன்னும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஆடுகளம் எது? நெல்லையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். கவடியாரில் உள்ள பழைய கிளப், ஒன்பது குழி. என் பழைய அலுவலக நண்பர் ஒருவரோடு அங்கே போவேன். சில குழிகளில் டிரைவரைப் பையிலிருந்து உருவுவதே இல்லை. ஆகவே தம்பி, டிரைவர் வாங்கிய கையோடு பட்ஜெட்டில் 2,000, 3,000 மிஞ்சினால் பழைய 5 வுட் ஒன்றும் தேடிப் பாருங்கள். இரண்டையும் வாங்கக் காசு போதவில்லை என்றால் டிரைவர் முதலில். நீங்கள் கேட்டதும் அதைத்தானே.

அங்கே ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கி வரும் கேடிகளிடம் சொல்லி வையுங்கள். எந்த மெம்பர் புது மட்டை வாங்கினார், பழசு எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் 15

இது முக்கியம். போலிகள்.

என் மைத்துனர் ஆன்லைனில் பெரிய கம்பெனி டிரைவர் 6,500 ரூபாய்க்கு என்று பார்த்து வாங்கினார். எங்கிருந்து என்பதைச் சொல்ல வேண்டாம். பெட்டி பார்க்க அம்சமாக இருந்தது. முகத்தில் டைட்டானியம் என்று பொறித்திருந்தது. எனக்கு அந்த எழுத்தின் வளைவிலேயே சந்தேகம். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் திருச்செந்தூர் முருகன் படம் போட்ட காந்த வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. அப்புறம் கழுத்தில் இருந்த சீரியல் நம்பரை நகத்தால் சுரண்டினார், மை கையோடு வந்தது. அசலில் அந்த எண்ணை உலோகத்திலேயே பொறித்திருப்பார்கள்.

காந்தத்தை முகத்தில் வைத்துப் பாருங்கள், அடிப்பாகத்தில் வைக்காதீர்கள். அசல் டிரைவரிலும் அடியில் எடைக்காக எஃகுத் திருகு வைத்திருப்பார்கள், அங்கே ஒட்டும். இன்னொன்று, காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே அது டைட்டானியம் ஆகிவிடாது. அலுமினியத்திலும் ஒட்டாது. மலிவான செட்டுகளில் வரும் டிரைவர் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான். அப்படி என்று சொல்லியே விற்றால் அதில் குற்றமில்லை. டைட்டானியம் என்று எழுதிவிட்டு எஃகைத் தருவதுதான் அநியாயம்.

மைத்துனருக்குப் பாதிக் காசு திரும்பி வந்தது. மீதிக்கு இன்னமும் மெயில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 15, இரவு

பழசை நேரில் வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரல் நகத்தை முகத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தட்டும். முகமும் மேல்மண்டையும் சேரும் விளிம்பை இன்னும் கவனமாகப் பாருங்கள், உடைவது அங்கேதான் தொடங்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பசைத் துணுக்கு கழன்றிருக்கும். அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையில் 500 ரூபாய் குறைத்துக் கேளுங்கள்.

கிராஃபைட் கம்பில் பெயிண்ட் உரசல் இருந்தால் பரவாயில்லை, பையில் உரசியது. உரசலுக்குள்ளே நார் தெரிந்தால் அந்த மட்டை வேண்டாம். அடிக்கும்போது முறிந்தால் தலை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் 22

வளைகுடாவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வரவழைக்கலாமா? தாராளமாக. அங்கே பழசு நிறையக் கிடைக்கும். மட்டையைக் கேபினுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள், செக்-இன்னில்தான் போட வேண்டும். 45 அங்குலக் கம்பு சாதாரணப் பெட்டிக்குள் அடங்காது. அதனால் கழுத்தில் திருகு உள்ள மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தலையைக் கழற்றித் துணிகளுக்கு நடுவிலும், கம்பைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாயிலும் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். திருகு சாவியை மறக்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் கழுத்து இன்னொரு கம்பெனியின் தலைக்குப் பொருந்தாது, ஆகையால் கம்பும் தலையும் ஒரே ஜோடியாக வர வேண்டும்.

அந்தத் திருகு மாடலில் லாஃப்டை ஏற்றி இறக்கலாம். ஏற்றினால் முகம் கொஞ்சம் இடப்பக்கம் மூடும், இறக்கினால் திறக்கும். ஸ்லைஸ் அடிக்கிறவர்கள் ஏற்றி வைத்தால் இரண்டு வகையிலும் லாபம்.

ஜூன் 29

இன்று எழுதப் போவதுதான் என் மனசுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மட்டை எதுவாக இருந்தாலும், பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை.

வீட்டில் இருக்கும் டால்கம் பவுடரை எடுங்கள். முகத்தைத் துடைத்துக் காயவிட்டு லேசாகப் பூசுங்கள். ஒரு அடி அடித்தால் பந்தின் அச்சு வட்டமாக விழும், பந்தின் குழிகள் கூடத் தெரியும். காற்றில் பவுடர் நிற்கவில்லை என்றால் வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு முகத்தைப் பார்த்து இருக்கும்படி டீயில் வைத்து, மை காய்வதற்குள் அடியுங்கள். பொட்டு முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு கணக்கு. மணிக்கு 85 மைல் வேகத்தில் சுழற்றுகிறீர்கள். நடுவில் பட்டால் பந்து அதைப்போல் 1.48 மடங்கு, அதாவது 126 மைலில் கிளம்பும். விளிம்பில் பட்டு 1.3 மடங்கு ஆனால் 110 மைல்தான். பந்தின் வேகத்தில் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2 யார்டு என்று வையுங்கள், 30 யார்டு போச்சு. எந்தக் கம்பெனியும் காசுக்கு 30 யார்டு விற்பதில்லை. பவுடர் டப்பா கொடுக்கும்.

எங்கே பட்டால் என்ன ஆகும் என்பதும் சுவாரசியமானது. வலக்கைக்காரர் முகத்தின் வெளிமுனையில் அடித்தால் பந்து இடப்பக்கம் வளையும். கழுத்தை ஒட்டிய பக்கத்தில் அடித்தால் வலப்பக்கம் வளையும். தலை பந்தில் மோதியதும் கொஞ்சம் திரும்புகிறது, பல்சக்கரம் போலப் பந்தை எதிர்த்திசையில் சுழற்றி விடுகிறது. எனக்கு ஸ்லைஸ் என்று ஸ்விங்கையே மாற்றப் புறப்படுகிற பலருக்கு உண்மையில் இருப்பது கழுத்துப் பக்கத்து அடிதான். அரை அங்குலம் தள்ளி நின்றாலே பாதி சரியாகிவிடும். முகத்தின் கீழே பட்டால் சுழற்சி கூடித் தூரம் குறையும், நடுவுக்குச் சற்று மேலே பட்டால் பந்து உயரக் கிளம்பிக் குறைந்த சுழற்சியோடு நீளப் போகும். அதற்காகத்தான் பந்தின் பாதி, தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் டீயை வைக்கச் சொல்வது.

ஜூலை 5

தம்பி எழுதியிருக்கிறார்: நண்பரின் டிரைவரை இரவல் வாங்கி வள்ளியூர்ப் பக்கம் அறுவடையான சொந்த வயலில் அடித்துப் பார்த்தாராம். பந்து மேலே போய் அப்படியே நின்று பின்னால் விழுகிறதாம், மட்டை சரியில்லையோ என்கிறார்.

மட்டையை ஏன் திட்டுகிறீர்கள்? நீங்கள் நிற்கும் இடம் எது? பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே மலை விட்ட இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று முழுசும் புகுந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை வைத்தது சும்மாவா? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும், 46 கிராம் பந்து எம்மாத்திரம். எதிர்காற்றில் பந்தின் பின்சுழற்சி அதை இன்னும் மேலே தூக்கும். கோபத்தில் பலமாக அடித்தால் சுழற்சி கூடி இன்னும் மேலே போகும். காற்றில் மெதுவாக அடிக்க வேண்டும், டீயையும் கொஞ்சம் இறக்கலாம்.

மட்டையைச் சோதிக்க இந்த மாதம் வேண்டாம், இல்லாவிட்டால் விடிந்ததும் காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுங்கள்.

வயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்னால் 250 யார்டு, இரண்டு பக்கமும் நன்றாக வெட்டவெளி, ஆள் நடமாட்டம் இல்லை என்றால் மட்டும் அடியுங்கள். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் வயல் பக்கம் கூடவே கூடாது. இந்தப் பந்து பட்டால் ஆடு பிழைக்காது, மனுஷனும் பிழைக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "என்ன தம்பி, அடிக்கது கொஞ்ச நேரம், தேடுதது ரொம்ப நேரமால்லா இருக்கு" என்றார். இப்போது பந்து விழும் இடத்தை அவர்தான் சரியாகக் காட்டுவார். அவ்வளவு கூர்மையான கண்.

ஜூலை 13

ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஊரே மூழ்கியிருந்தது, இப்போதுதான் உட்கார முடிந்தது.

வயல் கிடைக்காதவர்கள் மொட்டைமாடியில் வலை கட்டலாம். கோல்ஃப் வலை என்று தனியாக வாங்க வேண்டாம். உவரிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் கழித்த நைலான் வலை கிடைக்கும். கண்ணி பந்தை விட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும், பந்தின் விட்டமே 42.67 மில்லிமீட்டர்தான். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பு போக்கி, நிழலில் காயப்போடுங்கள். இரண்டு அடுக்காகத் தொங்க விடுங்கள், முறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கமாக இருந்தால் பந்து உங்கள் மேலேயே திரும்பி வரும். தளர்வாக இருந்தால் வலை பின்னால் போய் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பின்னால் சுவர் இருந்தால் ஐந்தடியாவது விட்டு, நடுவில் ஒரு பழைய ஜமுக்காளத்தையும் தொங்கப் போடுங்கள். சத்தமும் குறையும். நம் ஊர் வெயிலில் நைலான் நாளடைவில் இற்றுப்போகும், அவ்வப்போது விரலால் இழுத்துப் பாருங்கள்.

வெயில் என்றதும் இன்னொன்று. மட்டையைக் கார் டிக்கியில் போட்டு நாள் கணக்கில் வெயிலில் நிறுத்தாதீர்கள். தலையைக் கம்போடு பிடித்திருப்பது எபாக்சி பசைதான், சூட்டில் இளகும்.

ஜூலை 14

கொடைக்கானலில் தன் நண்பர் புது மாடலில் 230 யார்டு அடித்தார், என் பழசு ஊரில் 210-ஐத் தாண்டவில்லை என்று ஒருவர் வருத்தப்படுகிறார். கொடைக்கானல் கிளப் 1895-ல் தொடங்கியது, அருமையான இடம், ஒருமுறையாவது போய்வர வேண்டும். ஆனால் அது ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு. ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே தூரம் கூடும், மொத்தத்தில் 8 சதவீதம் என்று வையுங்கள். அங்கே 230 என்றால் இங்கே 213. மலைக்குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதான், நண்பரிடம் சொல்ல வேண்டாம்.

ஜூலை 20

கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆட்டக்காரர், ஹாக்கி ஆடி வளர்ந்தவர். ஜூன் 9-ல் நான் சொன்னபடி ஆர் ஷாஃப்ட், 12 டிகிரி எடுத்து அடித்திருக்கிறார். பந்து வானத்துக்குப் போய் இடப்பக்கம் சுருண்டு விழுகிறதாம்.

அன்று நான் எழுதியது 7 நம்பரில் 130, 140 யார்டு அடிக்கிறவருக்கு. இவருக்கு 165 போகிறது! கோவில்பட்டி என்றாலே ஹாக்கி அல்லவா, சின்ன வயசிலிருந்து கம்பைச் சுழற்றிய மணிக்கட்டு. இந்த மாதிரி கைக்கு எஸ் ஷாஃப்ட், 10.5 டிகிரி. ஹாக்கியில் பந்தை அழுத்தி அடித்த பழக்கம் டிரைவரில் மாற வேண்டும். பந்தை முன்கால் குதிகாலுக்கு நேரே வைத்து, தலை மேலேறும்போது தொடும்படி அடிக்க வேண்டும். மேலிருந்து வெட்டினால் பந்து ஆகாயத்துக்குப் போகத்தான் செய்யும், தலையின் மேல்பெயிண்டிலும் வடு விழும்.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வேகம் பொதுவாக இருக்காது, வேறு கோளாறு இருக்கும்: கீழ்க்கை இறுகிப் பிடிக்கும். அதற்கு மட்டையில் மருந்து இல்லை.

ஜூலை 28

தம்பி வாங்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் ஒரு கேடி சொல்லிக் கிடைத்த ஜி 20, 12 டிகிரி, ஆர் ஷாஃப்ட், 7,800 ரூபாய். படம் அனுப்பியிருந்தார். முகத்தில் விரிசல் இல்லை, மேல்மண்டையில் இரண்டு கீறல், அவ்வளவுதான். பிடி மட்டும் கட்டையாகக் காய்ந்து பளபளக்கிறது. அதை மாற்றிவிடுங்கள், இந்த வியர்வையில் அது வழுக்கும். பழசை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து, கம்பில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, தின்னரை டேப்பின் மேலும் புதுப் பிடியின் உள்ளேயும் ஊற்றி ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அடுப்புப் பக்கம் செய்யாதீர்கள். கிராஃபைட் கம்பு என்பதால் கத்தியை அழுத்தாமல் மேலோட்டமாகக் கீறுங்கள்.

ஆகஸ்ட் 3

பவுடர் படங்களும் வந்துவிட்டன. எல்லா அச்சும் முகத்தின் வெளிமுனையில், ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கின்றன. இது நல்ல செய்தி தம்பி. சிதறிக் கிடந்தால்தான் கவலை. ஒரே இடத்தில் விழுகிறது என்றால் கை ஒரே மாதிரி வருகிறது, நிற்கும் இடம்தான் தூரம். பந்துக்கு இன்னும் அரை அங்குலம் நெருங்கி நில்லுங்கள். மறுபடி பவுடர் போட்டுப் படம் அனுப்புங்கள்.

பந்து எது என்றும் கேட்டிருந்தார். இரண்டடுக்குப் பந்து, மலிவானது, ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறொன்று என்றால் மட்டை மாறியதா பந்து மாறியதா என்று தெரியாது.

ஆகஸ்ட் 10

கோவில்பட்டிக்காரரின் தம்பி கேட்கிறார்: அவர் சோறு சாப்பிடுவது தவிர எல்லாவற்றுக்கும் இடக்கை. ஆனால் ஹாக்கி ஆடியது வலப்பக்கமாக. இடக்கை டிரைவர் வாங்குவதா, வலக்கை டிரைவரா?

வலக்கை. ஹாக்கியில் இடக்கை மட்டையே கிடையாது, மட்டையின் வளைந்த பின்பக்கத்தால் ஆடவும் கூடாது. ஆகையால் உங்கள் உடம்பு சின்ன வயசிலிருந்தே வலப்பக்கச் சுழற்சியில் பழகிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். பலமான இடக்கை மேலே இருந்து இழுத்துக்கொண்டு போவது இந்த ஆட்டத்துக்கு ஒத்தே வரும். அதோடு இடக்கை டிரைவர் பழசாகக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் லாஃப்டும் ஷாஃப்டும் நமக்கு ஏற்றதாக இருக்காது. அண்ணனுடைய 12 டிகிரி சும்மாதானே இருக்கிறது? முதலில் அதைப் பவுடர் போட்டு அடித்துப் பாருங்கள். உங்கள் 7 நம்பர் தூரத்தையும் எழுதுங்கள், ஷாஃப்டை அப்புறம் பார்ப்போம்.